சூரிய மின்சாரமும் கூரையில்லாதவர்களும்: காலநிலைக் கொள்கை பற்றிய கேள்வி பதில்

மின்துறைக் கொள்கையைத் தொழிலாளர் பக்கம் நின்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

கல்லூரி மாணவி, திருச்சி: சார், 2070-க்குள் நிகர சுழியம் என்கிறார்களே, அதில் ஏழைகளுக்கென்று ஏதாவது இருக்கிறதா?

நாம் காற்றில் விடும் கரியமில வாயு போன்றவற்றின் அளவும், திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமமாவதுதான் நிகர சுழியம். அது 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தது. 2022-ல் ஐ.நா.விடம் கொடுத்த உறுதிமொழியில் இன்னொன்று: 2030-க்குள் மின் நிறுவுதிறனில், அதாவது நாட்டில் அமைத்திருக்கும் மின் நிலையங்களின் மொத்தத் திறனில், பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை சாராததாக இருக்க வேண்டும். அதை 2025-லேயே எட்டிவிட்டோம். நல்ல சாதனைதான். ஆனால் எண் போட்டுச் சொன்ன இலக்குகள் எல்லாம் கரியமில வாயு, மின்சாரம், காடு பற்றியவை. இந்த மாற்றத்தில் ஒரு கூலிக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு எண் எதுவும் இல்லை. என் வருத்தமே அதில்தான்.

விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்: எங்கள் ஊரில் சோலாருக்கு நிலம் கேட்கிறார்கள். விற்பதைவிடக் குத்தகைக்கு விடுவது நல்லதுதானே?

உங்களுக்கு நல்லதுதான் ஐயா. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் அப்படித்தான் செய்தார்கள். சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. மழை பொய்த்துக்கொண்டே இருந்த பூமி அது. நிலம் வைத்திருந்தவர் கையில் நிலையான காசு வந்தது.

சரி, நிலமே இல்லாதவர்? அந்த வயல்காட்டில் களை பறித்துக் கூலி வாங்கிய பெண்களுக்கும், அறுவடை முடிந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. அவர்களில் தலித் குடும்பங்கள் நிறைய. இப்போது வேலிக்குள்ளே இருப்பது சோலார் பலகை துடைப்பது, புல் வெட்டுவது, காவல் என்று கொஞ்சம் வேலைதான். இத்தனைக்கும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திட்டம் போட்டவர்கள் பட்டா வைத்திருந்தவரோடு மட்டும் பேசினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் பேச்சு வார்த்தைக்கு உட்காரும்போது உங்கள் காட்டில் வேலை செய்யும் குடும்பங்களையும் கூட்டிப் போங்கள். மேய்ச்சலுக்கு வழி, உள்ளூர்க் கூலிகளுக்கு வேலை, குத்தகை முடிந்த பிறகு பலகைகளை அகற்றுவது யார் பொறுப்பு, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர், மதுரை: 78,000 ரூபாய் சோலார் மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?

இப்போதைக்குக் கஷ்டம். அந்த மானியத்தைத் தரும், 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குச் சொந்த வீடும், பலகை தாங்கும் கூரையும் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கும். அங்கே படுத்தவருக்குத் தெரியும். மின்விசிறி மிகவும் தேவைப்படுகிற அந்த வீட்டைத்தான் மானியம் தாண்டிப் போகிறது. பலர் சேர்ந்து ஒரு பொதுக் கட்டடத்தின் மாடியில் பலகை வைத்து மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை பரவ வேண்டும்.

ஆசிரியர், நெய்வேலி: சுரங்கங்கள் ஒருநாள் மூடினால் தொழிலாளர்களுக்கு யார் பொறுப்பு அண்ணா?

நிரந்தரத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை அப்படியல்ல. ஜார்க்கண்டில் சைக்கிளில் நிலக்கரி மூட்டை ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்தால் இன்னும் புரியும். சைக்கிள் கம்பிச் சட்டகத்தின் இருபுறமும், நடுவிலும் மூட்டைகள். ஏறி மிதிக்கவே முடியாது, மேட்டில் குனிந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவர்கள் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் கிடையாது.

பணம் இல்லாமலும் இல்லை. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வசூல் மாநிலங்களுக்கு வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு சுரங்க ஊர்களின் மறுவாழ்வுக்கு நின்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி என்று ஒன்று இருக்கிறது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. உங்கள் மாவட்டத்தில் அது எதற்குச் செலவாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

சட்ட மாணவர், கோவை: நீதிமன்றம் இதில் ஏதாவது சொல்லியிருக்கிறதா?

சொல்லியிருக்கிறது தம்பி. 2024 மார்ச்சில், கானமயில் என்ற அழிந்துவரும் பறவையை மின்கம்பிகளிலிருந்து காப்பது பற்றிய வழக்கில். காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வதும் உரிமையே என்று அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளிலிருந்து உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அதைச் செயல்படுத்தத் தனிச்சட்டம் இன்னும் இல்லை.

கட்டடத் தொழிலாளியின் மகள், சென்னை: அப்பா மே மாதத்திலும் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். அவருக்கு ஏதாவது ஆனால் நிவாரணம் உண்டா?

உண்டு அம்மா. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் சாவுக்குக் காரணம் வெயில்தான் என்று சான்று வேண்டும். பல குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான். மாரடைப்பு என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும்.

அப்படி ஒன்றும் நடக்கக் கூடாது. அதற்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் இருக்க மேஸ்திரியிடம் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். அப்பா எப்போதாவது மயங்கி விழுந்தால் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனைச் சீட்டில் ‘வெயிலில் வேலை செய்யும்போது மயங்கினார்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதை எழுதி முடித்ததைப் பார்த்த பிறகு நகருங்கள்.