ஒரு கேபிக்குள் ஒரு சதுரங்கம்

கேள்வி: 1981இல் இங்கிலாந்தில் வெறும் 1 கேபி நினைவகம் கொண்ட சின்க்ளேர் இஸட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினியை லட்சக்கணக்கில் விற்றார்களாமே. அதை வாங்கியவர்கள் விவரம் தெரியாமல் ஏமாந்தவர்கள்தானே?

பதில்: விவரம் தெரிந்துகொள்ளத்தான் வாங்கினார்கள். விலை 69.95 பவுண்டு. பாகங்களாக வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்வதானால் 49.95. நான்கு வருடம் முன்பு வந்த ஆப்பிள் 2இன் ஆரம்ப விலை 1,298 டாலர். அதை வாங்க முடியாத வீட்டுக்கு இது வந்தது. திரை வேண்டுமா, வீட்டு டிவி. புரோகிராமைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கிற கேசட் ரெக்கார்டர். ஆன்-ஆஃப் சுவிட்ச்கூடக் கிடையாது. பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான்.

1 கேபியை இளக்காரமாகச் சொல்கிறீர்கள். சரிதான், உங்கள் கேள்வியை யூனிகோட் என்கிற இன்றைய எழுத்துக் குறியீட்டில் சேமித்தாலே அதில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். ஆனால் அந்த 1 கேபியை, அதாவது 1,024 பைட்டை (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்கிற இடம்) வைத்து அவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று பாருங்கள். 125 பைட்டைக் கணினியே தன் கணக்குவழக்குக்கு எடுத்துக்கொள்ளும். திரை முழுக்க எழுத்து நிரம்பினால் இன்னொரு 793 காலி. அப்புறம் புரோகிராம் எழுத என்ன மிஞ்சும்? அதனால் திரை காலியாக இருந்தால் 25 பைட்டோடு சுருங்கிக்கொள்கிற மாதிரி செய்திருந்தார்கள். திரையில் எழுதிக் காட்டச் சொல்லும் ‘பிரிண்ட்’ என்ற கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டாம். ஒரே விசை, நினைவகத்திலும் ஒரே பைட். டேவிட் ஹார்ன் என்பவர் இந்தப் பெட்டிக்கு 672 பைட்டில் சதுரங்கம் எழுதினார். கோட்டை கட்ட முடியாது, கடைசிக் கட்டம் போன சிப்பாய் ராணியாகாது. மற்றபடி எதிரே உட்கார்ந்து காய் நகர்த்தும். இதை எழுதினவரையும் ஆடினவரையும் ஏமாளி என்பீர்களா?

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் நானே ஒன்று எடுத்துத் தருகிறேன். பின்பக்கம் செருகுகிற 16 கேபி கூடுதல் நினைவகப் பெட்டி ஒன்று விற்றார்கள். அது செருகிய இடத்தில் உறுதியாக நிற்காது. பத்திரிகையில் வந்த புரோகிராமைப் பார்த்து ஒரு மாலை முழுக்க வரிவரியாகத் தட்டியிருப்பான் பையன். விசையைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் பெட்டி ஆடும், அத்தனையும் அழிந்துபோகும். ஆடாமல் இருக்க, சுவரில் படம் ஒட்டுகிற பசையை உருட்டி அடியில் வைத்து அழுத்தினார்கள்.