ஏரி, குளத்தில் இருக்கும் பிளாங்க்டன் (தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணிய பாசி, பூச்சிகள்) எல்லாம் கடலிலிருந்து வந்தவையா?

கேள்விக்குக் கீழே நீங்கள் இன்னொரு வரியும் போட்டிருக்கிறீர்கள்: "கடலில் தோன்றியவை என்பதால் நம் ஊர்க் குளத்தில் தானாக வராது, பாக்கெட் வாங்கித்தான் விடணும் என்று டீலர் சொல்கிறார்." அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். புதிதாகப் பண்ணைக்குட்டை வெட்டியிருப்பீர்கள், மானியம் பாதி வந்திருக்கும், மீதிக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இவர்கள் வருவார்கள்.

எனக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் மீன்குஞ்சுப் பண்ணை. கட்லா, ரோகு நுண்குஞ்சு வாங்கி விரலி அளவுக்கு வளர்த்து விற்கிறேன். என் வீட்டுக்கும் ஒருவர் பைக்கில் வந்தார். "அண்ணா, பிளாங்க்டன் கடல் ஐட்டம். கிருஷ்ணகிரிக்கும் கடலுக்கும் எவ்ளோ தூரம், நீங்களே சொல்லுங்க" என்றார். திண்ணையில் இருந்த அப்பா, "ஏரி ரொம்பினா பத்து நாள்ல தண்ணியில துள்ளுதே, அது எந்தக் கடல்ல இருந்துப்பா வருது?" என்று கேட்டார். "அது வெறும் புழுங்க ஐயா" என்று பதில் வந்தது. அவர் விற்க வந்த சரக்கே அந்தப் 'புழு'தான். மொய்னா என்று பெயர், தண்ணீர்த் தெள்ளு வகை. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் உடம்பில் ஹீமோகுளோபின் கூடிச் சிவந்துவிடும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

அப்போது சித்திரை. எங்கள் ஊர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேல் வண்டலைக் கொஞ்சம் சுரண்டி வந்து, வெள்ளை டப்பில் போட்டு, போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றி, வேட்டித் துணியால் மூடினேன். ஒரு வாரத்துக்குள் உள்ளே துள்ளல். அடுத்த முறை அவர் வந்தபோது காட்டினேன். "மண்ணுல ஏற்கனவே முட்டை இருந்திருக்கும்ணா" என்றார். அதைத்தானய்யா நானும் சொல்கிறேன்!

உடனே, உயிர் தானாகத் தோன்றாது என்று காட்டிய விஞ்ஞானி லூயி பாஸ்டர் பெயரை இழுத்துக்கொண்டு யாரும் வரவேண்டாம். சேற்றில் உயிர் தானாக முளைக்கிறது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கும்வரை மொய்னாவும் அதன் உறவுக்காரி டாஃப்னியாவும் ஆண் இல்லாமலே குட்டி போடும். நெருக்கடி வந்தால் ஆண்கள் பிறக்கும், கூடும், கெட்டி ஓடு போட்ட முட்டை வண்டலில் இறங்கும். வெயிலில் காய்ந்தாலும் அது சாகாது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் அடிவண்டலிலிருந்து எடுத்த பழைய டாஃப்னியா முட்டைகளைப் பொரிக்க வைத்து 1999-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கழிவு சேர்ந்து ஏரியில் நச்சு நீலப்பச்சைப்பாசி பெருகிய சில ஆண்டுகளிலேயே, அந்தப் பாசியைத் தின்று தாங்கும் வகையாக டாஃப்னியா மாறியிருந்தது. பரிணாமம் என்றால் கோடி வருடம் ஆக வேண்டும் என்பவர்கள் இதைப் படிக்கலாம். பச்சைப் பாயாசம் மாதிரி நிற்கும் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே அடிவண்டலில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கடலா இல்லையா? உயிரின் தொடக்கத்தைப் பற்றி நான் பேசவில்லை, நான் விலங்கியல் பி.எஸ்ஸி. மட்டும்தான். ஆனால் ஏரியில் மிதப்பதற்கெல்லாம் ஒரே பூர்வீகம் கிடையாது. டயாட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசி கடலில் தோன்றி, பிறகு பல தடவை நன்னீருக்கு வந்தது. கோப்பிபோட் என்கிற, இறால் நண்டுக்கு உறவான நுண்ணிய பூச்சியும் கடல் வம்சம்தான். அதில் ஒரு இனம், யூரிடெமோரா, உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரத்தில் வாழ்ந்தது, 1950களின் கடைசியில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்து நன்னீரிலேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டது. அது லேசான காரியமில்லை. நன்னீரில் உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் சமாளிக்கிற உடம்பு வேண்டும்.

நீலப்பச்சைப்பாசிக் கதை வேறு மாதிரி. 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் பிராணவாயு ஏறியதே அவற்றால்தான். அவற்றின் பழைய கிளைகள் நன்னீரில் இருந்தன, கடலில் மிதக்கும் வகைகள் பிற்பாடு போனவை என்று மரபணு ஆய்வுகள் சில சொல்கின்றன. அதாவது டீலர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை. மொய்னாவின் பரந்த குலமும் நன்னீரில் பழைய குடி. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற இடத்துப் பாறையில், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நன்னீர்க் குட்டையில் நீந்திய அந்தக் குலத்துப் பூச்சி ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. லெபிடோகாரிஸ் என்று பெயர். இத்தனை காலம் நன்னீரில் இருந்த கூட்டத்தைப் பார்த்து நீ கடல்காரன் என்பதா?

ஏரியின் வயதும் அதில் இருக்கும் உயிரின் வயதும் ஒன்றல்ல. பைக்கால் ஏரிக்கு 2.5 கோடி ஆண்டு, அதனால் அங்கே அதற்கென்றே தனி கோப்பிபோட் இருக்கிறது. நம் பக்கத்து ஏரிகள் மனிதர்கள் கரை கட்டியவை, கே.ஆர்.பி. அணையே 1950களில் கட்டியதுதான். ஆற்று மடு, பக்கத்து ஏரி, காற்று, கொக்குக் கால் என்று எதிலோ ஒட்டி வந்து குடியேறியவைதான் இங்கே இருப்பவை. நீர்ப்பறவைக் கால் சேற்றில் உயிர்கள் பயணம் போவதை டார்வினே 1859-இல் எழுதிவிட்டார்.

    

உங்கள் குட்டை மண் குட்டை என்றால் பச்சைச் சாணியைக் கரைத்து விடுங்கள், போதும். தார்ப்பாய் விரித்ததென்றால் பழைய ஏரியின் வண்டலை ஒரு சட்டி போடுங்கள். ஈரச் சேறு வேண்டாம், நீர்ப்பூச்சியும் சேர்ந்து வந்து குஞ்சைத் தின்றுவிடும், காய்ந்ததாக எடுங்கள். பிறகு பிளாங்க்டன் வலையில் 50 லிட்டர் தண்ணீரை வடிகட்டிப் பாருங்கள். வலை நுனியில் கட்டிய குழாயின் அடியில் ஒன்றரை, இரண்டு மில்லி படிந்தால் குஞ்சு விடலாம்.