கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய கலைப்பொருள் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அதன் பெயர் ட்ரீம் மெஷின். எனக்கு மிகவும் பிடித்த நவீனக் கலைப்பொருள் இதுதான்.

1958 டிசம்பரில் ஓவியர் பிரையன் கைசின் மார்செய் நகருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். சாலையோர மரங்களுக்கு இடையே சாயங்கால வெயில் விட்டுவிட்டு முகத்தில் அடிக்க, மூடிய கண்ணுக்குள் நிறங்கள் பொங்கின. மரவரிசை முடிந்ததும் எல்லாம் நின்றுபோனது. மூளை ஆய்வாளர் கிரே வால்டர் 1953இல் எழுதிய நூலில் இதற்கு விளக்கம் இருந்தது. அதைப் படித்த இயன் சோமர்வில் என்ற கேம்பிரிட்ஜ் கணித மாணவர்தான் 1960 வாக்கில் கருவியைச் செய்துகாட்டினார். கைசின், சோமர்வில் இருவருமே பாரிஸில் பீட் எழுத்தாளர்கள் (1950களின் அமெரிக்கக் கலக எழுத்தாளர்கள்) தங்கிய ஒரு மலிவு விடுதியின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

பக்கமெல்லாம் துளை வெட்டிய அட்டை உருளை, உள்ளே தொங்கும் 100 வாட் குண்டு பல்பு, அடியில் 78 வேகத்தில் சுற்றும் ரெக்கார்டு பிளேயர். அவ்வளவுதான் கருவி. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் விநாடிக்கு 1.3. ஒரு வரிசையில் 8 துளை இருந்தால் விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்று அதிகமாக வெளிச்சம் இமையில் படும். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் எழும் ஆல்ஃபா எனும் மின்னலைகளும் விநாடிக்கு 8 முதல் 13 வரைதான்.

நானும் ஒன்று செய்து, எதிரே உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வெறும் சிவப்புத் துடிப்பு. கொஞ்சம் பொறுத்தால் ஆரஞ்சும் நீலமும் சிக்குக் கோலம் போலப் பின்னிக்கொண்டு நகர ஆரம்பிக்கும். கண்ணைத் திறந்தால் அட்டை சுற்றிக்கொண்டிருக்கும், வேறொன்றும் இருக்காது.

இதைப் போதைப்பொருளுக்கு மாற்று என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் இது இருக்க வேண்டும் என்று கைசின் ஆசைப்பட்டார். தொலைக்காட்சியில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம். இங்கே பார்க்கிறவரின் மூளைதான் படம் வரைகிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது வேறு. ஓவியரே ஓவியரை வேண்டாமென்று வைத்த துணிச்சல் அது. பெருமளவில் தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அப்புறம் ஒன்று. வலிப்பு வந்தவர்கள், குடும்பத்தில் வலிப்பு உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். 1997இல் ஜப்பானில் போகிமான் தொடரில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய இதே வேகத்தில் மாறி மாறி மின்னியதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.