வீடியோ கேம் மந்திரவாதிக்கு எந்த அப்கிரேடு? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தீப்பந்து, பனி, மின்னல் மூன்று மந்திரங்களுக்கும் ஸ்கில் பாயிண்ட்டை (திறன்களை ஏற்றக் கிடைக்கும் புள்ளிகளை) சமமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. அதிகம் வீசுகிற ஒன்றை முதலில் முழுசாக ஏற்றுங்கள்.

கேள்வி: ஸ்கில்கள் மூலம் ஏற்கெனவே 150% டேமேஜ் (அடியின் பலம்) கூடுதல் இருக்கிறது. “டேமேஜ் 10% கூடும்” என்ற மோதிரத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். 4 சதவீதம்தான் ஏறியது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். அடிப்படை 100 என்று வையுங்கள்; 150% சேர்ந்து இப்போது உங்கள் அடி 250. மோதிரத்தின் 10% அந்த 250-க்கு அல்ல, பழைய 100-க்குத்தான் கணக்கு. அடி 260 ஆகிறது. 250-க்கு 10 என்பது 4% தான். அதே 10% பெருக்கலாக இருந்தால் 275 வந்திருக்கும். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கேமில் கூட்டலுக்கு ‘இன்க்ரீஸ்டு’, பெருக்கலுக்கு ‘மோர்’ என்று தனித்தனிச் சொல்லே உண்டு. காசுக்கு விற்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு சொல்லை எழுதியாக வேண்டும். இதை மறைத்து விற்ற ஒரு மந்திரக்கோலுக்கு நானும் பணம் அழுதிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மோதிரத்தோடு 50 முறை, கழற்றிவிட்டு 50 முறை பயிற்சிப் பொம்மையை அடியுங்கள். கிரிட் (எப்போதாவது தற்செயலாக விழும் பலத்த அடி) விழுந்த அடிகளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: காஸ்ட் டைமை (ஒரு மந்திரம் வீச ஆகும் நேரத்தை) 2 விநாடியிலிருந்து 1.5 ஆகக் குறைத்தேன். மானா (மந்திரம் வீசச் செலவாகும் சக்தி) பாதிச் சண்டையிலேயே தீர்கிறது. மொத்த மானா 2000, ஒரு வீச்சுக்கு 50, விநாடிக்கு 10 திரும்ப ஊறும்.

பதில்: நிமிடத்துக்கு 30 வீச்சு இப்போது 40 ஆகிவிட்டது. முன்பு செலவு 1500, ஊறுவது 600, நிகர இழப்பு 900. ஏறக்குறைய 2 நிமிடம் 13 விநாடி தாங்கும். இப்போது இழப்பு 1400. 1 நிமிடம் 26 விநாடிதான். மானா செலவை 20% குறைக்கும் ஸ்கில்லை எடுங்கள். இழப்பு 1000-க்கு இறங்கி முழுசாக 2 நிமிடம் நிற்கும்.

கேள்வி: ரீசெட் சுருள் (போட்ட ஸ்கில் பாயிண்ட்டைக் கலைத்துத் திரும்பப் போட உதவுவது) மூன்று வாங்கிவிட்டேன். இன்னும் டேமேஜ் வரவில்லை. நான்காவது வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று முறை கலைத்தும் ஸ்கில் விளக்கத்தை ஒருமுறைகூட வாசிக்கவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற கேமில் ரீசெட் செலவு 1 கோல்டில் (கேமுக்குள் உள்ள பணம்) தொடங்கி, கலைக்கக் கலைக்க 50 கோல்டு வரை ஏறும். முதலில் பில்டை (எந்த ஸ்கில்லுக்கு எத்தனை பாயிண்ட் என்ற திட்டத்தை) தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சுருளெல்லாம் பிறகு.

கேள்வி: கிரிட் வாய்ப்பு 20%, கிரிட் விழுந்தால் 50% கூடுதல் அடி. வாய்ப்பில் 10 புள்ளி ஏற்றவா, கூடுதல் அடியை 100% ஆக்கவா?

பதில்: இரண்டாவது. சராசரி 1.10 இருப்பது அதில் 1.20 ஆகும், முதலாவதில் 1.15 தான்.

கேள்வி: எல்லா அப்கிரேடும் முடிந்த மந்திரவாதி கணக்கை ஒருவரிடம் வாங்கினேன். பத்தே நாளில் பழைய மின்னஞ்சலை வைத்து அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பதில்: மனம் கனக்கிறது. பணம் கட்டிய வங்கிக்கோ செயலிக்கோ இன்றே புகார் எழுதுங்கள்; அரட்டை, ரசீது இரண்டையும் இணையுங்கள். கணக்கு விற்பனையைப் பெரும்பாலான விளையாட்டுகளின் விதிகள் தடை செய்கின்றன. அதனால் கணக்கு திரும்பக் கிடைப்பது கடினம், பணத்துக்காகப் போராடுங்கள்.