போத்தல் கறுக்கவில்லை என்றால் கிருமி இல்லையா?

கேள்வி: கோலாலம்பூர் செராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். திரெங்கானுவின் கெர்த்தேயிலிருந்து எண்ணெய்க் கிணற்று நீர் பிளாஸ்டிக் போத்தலில் வந்தது. நிலத்தடி வெப்பம் 70 டிகிரி என்று சீட்டில் உள்ளது. சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்கும் கிருமி உண்டா என்று பார்க்க, இரும்பு கலந்த சல்பேட் ஊடகத்தில் (கிருமி வளர்க்கும் கரைசல்) படிப்படியாக நீர்த்து 37 டிகிரியில் வைத்தேன். முதல் போத்தல் உடனே கறுத்தது, மற்றவை 14 நாளாகியும் தெளிவாகவே இருக்கின்றன. "கிருமி இல்லை" என்று அறிக்கை தரலாமா?

பதில்: இப்போது தர வேண்டாம். முதல் போத்தல் கறுத்ததற்குக் கிருமியே தேவையில்லை. நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைத் தொட்டதும் கறுக்கும். கிருமி வளர்ந்து கறுக்க நாள் கணக்காகும். சந்தேகம் தீர, அதிலிருந்து 1 மில்லி எடுத்து 9 மில்லி புது ஊடகத்தில் விடுங்கள். விட்டதும் லேசாகச் சாம்பல் தட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சில நாள் கழித்து நன்றாகக் கறுத்தால்தான் வளர்ச்சி.

மற்றவை கறுக்காததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 37 டிகிரியைத்தான். 70-ல் வாழ்வது 37-ல் செத்துவிடாது, ஆனால் வளரவும் வளராது. எண்ணெய் வயல் நீரில் காணப்படும் ஆர்க்கியோகுளோபஸ் ஃபுல்ஜிடஸ் என்ற சல்பேட் நுண்ணுயிருக்கு 83 டிகிரி வாக்கில்தான் கொண்டாட்டம். இன்குபேட்டரை 70-ல், 5 டிகிரி கூடக்குறைய வையுங்கள். குழாயிலும் தொட்டியிலும் குடியேறிய கிருமிக்காக 37-லும் ஒரு வரிசை இருக்கட்டும். இரண்டையும் 28 நாள் விட வேண்டும். 70-ல் திருகு மூடி சரிப்படாது. காற்று புகுந்தால் இவை வளரா, நீரும் வற்றும். பியூட்டைல் ரப்பர் அடைப்பானும் அலுமினிய மூடியும் வேண்டும்.

ஊடகத்தின் உப்பு கிணற்று நீரின் உப்போடு ஒத்துப்போக வேண்டும். ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் சாயமான ரெசாசுரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போடுங்கள். இளஞ்சிவப்பு மறையாத போத்தலில் ஆக்சிஜன் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். ஆக்சிஜனைப் போக்கச் சோடியம் சல்பைடைச் சேர்க்காதீர்கள், அதுவே இரும்பைக் கறுக்கவைத்துவிடும். அஸ்கார்பிக் அமிலமும் தயோகிளைகாலிக் அமிலமும் லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் போதும்.

பலர் கோட்டைவிடுவது தெர்மோடோகா, தெர்மோஅனரோபாக்டர் என்ற சூட்டுக் கிருமி வகைகளை. இவை சல்பேட்டைத் தொடுவதில்லை. தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும், குழாயையும் அரிக்கும். குளுக்கோஸ், ஈஸ்ட் சாற்றோடு லிட்டருக்கு 5 கிராம் சோடியம் தயோசல்பேட் பென்டாஹைட்ரேட் சேர்த்துத் தனி வரிசை போடுங்கள்.

பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். மறுமுறை கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் வந்தால் பாதகமில்லை. சூடும் காற்றும் சேர்ந்தால்தான் இந்தக் கிருமிகளுக்கு ஆபத்து. கிணற்றுத் தளத்திலேயே ஊசியால் ஊடகத்தில் செலுத்திவிட்டால் இன்னும் நல்லது.

கறுத்த போத்தலை, நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி அறைக்குள் மட்டுமே திறங்கள். சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது.

28 நாளுக்குப் பிறகும் எதுவும் கறுக்காவிட்டால், "இல்லை" என்று எழுதாமல், எந்த ஊடகம், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று குறித்து "வளர்ச்சி காணப்படவில்லை" என்று எழுதுங்கள்.