மங்கும் கண்ணோரச் சுருக்கமும்: ரெட்டினால் தடவலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. காப்பீட்டு முகவர் வேலை. பகல் முழுக்க ஸ்கூட்டரில்தான் அலைச்சல். கன்னத்தில் மங்கு விழுந்து, கண்ணோரம் சுருக்கமும் தெரிகிறது. மகள் ரெட்டினால் சீரம் வாங்கித் தந்தாள். தினமும் இரவில் தடவியதில் முகம் சிவந்து, எரிந்து, தோல் உரிகிறது. நிறுத்திவிடவா? மருந்துக் கடையில் மங்குக்கு வேறு கிரீம் தருகிறார்கள். அதைத் தடவலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்தக் கடை கிரீமைத் தொடாதீர்கள், சகோதரி. மருத்துவர் சீட்டு இல்லாமல் மங்குக்குத் தரும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும். போகப்போகத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும். பரு வரும், முகத்தில் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். இப்படி வந்து உட்காரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ வகை. தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறித்தான் வேலை செய்யும். ட்ரெட்டினாயின் என்ற பெயரில் பருவுக்குக் கொடுத்துவந்த அதே அமிலம், வெயிலில் கெட்ட தோலையும் சீராக்குகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் குழுவினர் 1986-இல் எழுதினார்கள். ரெட்டினால் அதைவிட மென்மையானது, மெதுவானது. சுருக்கம் குறைய மாதக்கணக்கில் ஆகும்.

இப்போதைக்கு நிறுத்துங்கள். சிவப்பு முழுசாக அடங்கும்வரை மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். நம் நிறத்துத் தோலில் எரிச்சல் தணிந்த இடம் கறுத்துப்போகும். அது மங்கோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரவு தொடங்கலாம். முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். மூக்கோர மடிப்பிலும் உதட்டு ஓரத்திலும் மருந்து தேங்கி முதலில் அங்கேதான் உரியும். அந்த இடங்களில் முன்பே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். இமையில் படக் கூடாது. எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப் எதுவும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இதில் எதுவும் பலிக்காது. எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுக்கவைக்கும் என்பதால், அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு நல்லது. ரெட்டினால் மட்டுமே மங்கைப் போக்கிவிடாது. அதற்குத் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

மகளும் அதே சீரத்தைத் தடவுகிறாளா? கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ அவள் தொடக் கூடாது.