விளக்கு அணைந்தது, பழுது போகவில்லை: 41,500 ரூபாயைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என்னுடையது 2014-ல் பதிவான பெட்ரோல் கார். செக் இன்ஜின் விளக்கு எரிந்ததால் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரில் பி0420 என்ற பழுதுக் கோட் வந்ததாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 32,000, பின்பக்க ஆக்சிஜன் சென்சார் 5,500, கூலி 4,000 என்று 41,500 ரூபாய் வாங்கினார்கள். யுபிஐ-யில் கட்டினேன். கொடுத்தது கையால் எழுதிய சீட்டு. ஆறாவது நாள் அதே விளக்கு, அதே கோட். போய்க் கேட்டால், “சென்சாருக்கு நடுவுல ஒரு ஸ்பேசர் வெச்சிடறோம் சார், இனிமே விளக்கே வராது” என்கிறார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் தரவில்லை. நான் என்ன செய்யலாம்?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: யாரிடம் வண்டியைக் காட்டினாலும் இப்போது இருக்கும் கோடை அழிக்க விடாதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அதுதான். ஸ்கேனரில் ‘கிளியர்’ அழுத்தினால் விளக்கு மட்டும் அணைவதில்லை. கோட் விழுந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதிதான்.

எனவே இன்றைக்கே விளக்கு எரியும் நிலையில், ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி டாஷ்போர்டைப் படம் எடுங்கள். ஸ்கேனரில் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுங்கள். ‘கோட் அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு பதிவு பெரும்பாலான வண்டிகளில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். இன்றைய மீட்டரில் அந்தத் தூரத்தைக் கழித்தால், கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் கோடை அழித்தார்கள் என்று தெரிந்துவிடும். அது வண்டியை உங்களிடம் கொடுத்த நாளோடு பொருந்தினால், அழித்துத்தான் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் மறுப்பது கடினம்.

ஆனால் பழுது பார்த்தபின் கோடை அழிப்பது தவறில்லை, எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்வதுதான். விளக்கு திரும்ப வந்தது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. சரியான சோதனை செய்யாமல் விலை உயர்ந்த பாகத்தை மாற்றினார்கள், அல்லது மாற்றாமலே பணம் வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும்.

பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று பின் சென்சாரை வைத்து கம்ப்யூட்டர் கணித்திருக்கிறது என்று பொருள். கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. நன்றாகச் சூடான இன்ஜினில், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 அளவில் அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம். அப்போதும் சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல்காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்த இணைப்புத் தட்டும் (ஃபிளாஞ்ச்) போல்ட்டும் அரித்துப்போவது சகஜம். அங்கே வெளிக்காற்று உள்ளே இழுபட்டால் நல்ல கன்வெர்ட்டரும் கெட்டதாகத் தெரியும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிய வண்டியென்றால் பின் சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். ஸ்பார்க் பிளக், காயில் கோளாறால் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டிருந்தால் புதிதாகப் போட்ட கன்வெர்ட்டரையும் அது தின்றுவிடும்.

இந்தச் சோதனைகளில் எதைச் செய்தீர்கள் என்று ஒர்க்‌ஷாப்பை எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சொல்லும் ‘குறைபாடு’ வேலை செய்த விதத்தில் உள்ள போதாமையையும் சேர்த்தே சொல்கிறது. புகாரை அதன் மேல் கட்டுங்கள்.

அடுத்து, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பரிசோதித்து லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்குங்கள். சென்சார் கிராஃப், கசிவு சோதனை, கன்வெர்ட்டர் மேல் அச்சிட்ட பாக எண் மூன்றும் அதில் வேண்டும். ஆக்சிஜன் சென்சாரை 22 எம்எம் ஸ்பேனரால் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கேமரா விட்டால் உள்ளே புகையைச் சுத்தப்படுத்தும் தேன்கூடு போன்ற பகுதி இருக்கிறதா, வெறும் டப்பாவா என்று தெரிந்துவிடும். தேன்கூடு இல்லையென்றால் பணம் வாங்கி ஏமாற்றியதாகிறது. அப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318-ன் கீழ் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அறிக்கை தரும் மெக்கானிக் பிரமாணப் பத்திரமும் தருவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவர் பின்வாங்கினால் அந்தத் தாளுக்குப் பாதி மதிப்புதான்.

பழைய பாகங்கள் உங்கள் சொத்து. கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழசானாலும் அதற்குக் காசு உண்டு. விலையைக் கழித்துக்கொள்வதாகச் சீட்டில் எழுதாமல் அவர்களே வைத்துக்கொண்டது சரியில்லை. பாகத்தை அல்லது அதன் மதிப்பை நோட்டீஸில் தனியாகக் கேளுங்கள். முறையான பில் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. உங்கள் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியே, அவற்றோடு மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-ன் சான்றிதழ் ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

ஸ்பேசருக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தி கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை அது. புகை அப்படியே இருக்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி பொறுப்பாவது உரிமையாளரான நீங்கள், மெக்கானிக் அல்ல: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு, “வாடிக்கையாளரே வண்டியை மாற்றியமைத்துவிட்டார்” என்று எதிர்தரப்பு சொல்ல நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகும். அவர்கள் சொன்ன யோசனையை வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் நாள், கிலோமீட்டர், கட்டிய தொகை, திரும்ப வந்த கோட், கேட்கும் பரிகாரம் எல்லாம் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். சட்டப்படி இது கட்டாயமில்லை, ஆனாலும் பெரும்பாலான தகராறுகள் இங்கேயே முடிகின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தீராவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34 இடம் தருகிறது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது.

முழு 41,500-ம் கிடைக்குமா? கன்வெர்ட்டரை மாற்றியது தேவையற்றது என்று அறிக்கை சொன்னால் கேட்கலாம். நல்ல புதுப் பாகமே பொருத்தியிருந்து, கசிவை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால், கூலி, அந்தக் கசிவைச் சரிசெய்யும் செலவு, இழப்பீடு, வழக்குச் செலவு என்ற அளவில் எதிர்பாருங்கள்.

மறுவேலைக்கு வண்டியை மறுபடி அங்கேயே விட்டால், விடும் நாளன்று கிலோமீட்டரும் வண்டியின் நிலையும் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 அவர்களுக்கு உரிமை தருகிறது. அப்படி மடக்கினால், ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, கேட்ட தொகையைக் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். அந்தத் தொகையையும் புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.